ஏழு பேர் போதும்

நான் உறுப்பினராக இருக்கும் தமிழ்ச் சங்கத்தின் வங்கிக் கணக்கு சில மாதங்களுக்கு முன் முடங்கியது. சின்னச் சங்கம்தான், டில்லியின் ஒரு மூலையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டு பொதுக்குழு, இரண்டு செயலாளர், இரண்டு பொருளாளர். திங்கட்கிழமை காலை இரு தரப்பும் தீர்மான நகலோடு வங்கிக்குப் போய் நின்றார்கள். மேலாளர் இரண்டையும் வாங்கிக் கொண்டு, பணம் எடுப்பதை நிறுத்திவிட்டார். அது என் வங்கி அல்ல. என் மேசைக்கு வந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

அடிபட்டது குழந்தைகள். கொரோனா காலத்தில் இணையத்துக்குப் போன ஞாயிறு தமிழ் வகுப்பு அப்படியே தொடர்ந்து வந்தது. ஆசிரியைக்கு மதிப்பூதியம் நின்றது, இணைய வகுப்புக்கான சந்தாவும் நின்றது. இலவச இணைப்பில் வகுப்பு நாற்பது நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். 'ழ' சொல்லிக் கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப் போகும்.

இந்தச் சண்டைக்கான விடை 1860-லேயே எழுதப்பட்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா?

நம் நாட்டுக்கு முதன்முதலாக வருமான வரி வந்ததும் அதே ஆண்டுதான். அப்போது கல்கத்தாவில் இயற்றப்பட்டது சங்கங்கள் பதிவுச் சட்டம். இங்கிலாந்தில் இலக்கிய, அறிவியல் கழகங்களுக்காக 1854-ல் வந்த சட்டம் அதற்கு முன்மாதிரி. பதிவு பெறாத சங்கத்தின் சொத்து யாரோ ஒருவர் பெயரில்தான் இருக்கும். அவர் காலமானால் வாரிசுகள் வந்து நிற்பார்கள். 1860 சட்டம் இந்தச் சிக்கலை அவிழ்த்தது. இலக்கியம், கலை, கல்வி, தர்மம் போன்ற நோக்கத்துக்காக ஏழு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் சங்கம் பதிவாகும். அறங்காவலர் இல்லையென்றால் சொத்து நிர்வாகக் குழுவின் பொறுப்பில் இருப்பதாகக் கொள்ளப்படும். கலைத்தாலும் மிச்சப் பணத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக் கொள்ள முடியாது.

நிர்வாகக் குழு என்ற சொல்லுக்குச் சட்டப்பலம் வந்தது இப்படித்தான். ஆனால் அதோடு ஒரு கடமையும் வந்தது. ஆண்டுப் பொதுக்குழு கூடிய 14 நாளுக்குள், நிர்வாகக் குழுவினரின் பெயர், முகவரி, தொழில் அடங்கிய பட்டியலைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். சந்தா மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி என்றால் ஓட்டு கிடையாது. பதிவாளரிடம் உள்ள ஆவணங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சட்டத்தில் எழுதிய கட்டணம் 1 ரூபாய்!

டில்லியில் இன்றும் இதே சட்டம்தான். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். கர்நாடகத்துக்கு 1960, மேற்கு வங்கத்துக்கு 1961, தமிழ்நாட்டுக்கு 1975. மும்பையில் 1950-ம் ஆண்டுப் பொது அறக்கட்டளைச் சட்டமும் சேர்ந்து கொள்ளும்.

சங்கம் பாடம் நடத்துவதும் நமக்குப் புதிதல்ல. 1901-ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தொடங்கிய தமிழ்ச் சங்கம் தேர்வுகள் நடத்திப் பண்டிதர் பட்டம் தந்தது. நூறு ஆண்டு கழித்து, 2001 பிப்ரவரியில், தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வந்தது. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். மழலைக் கல்வி, சான்றிதழ், பட்டயம், பட்டம் என்று படிப்படியான பாடத்திட்டம் தயாராக இருக்கிறது. புதிதாக நாம் பாடம் எழுத வேண்டியதில்லை. பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைக்க ஒரு சங்கமும், செக்கில் கையெழுத்துப் போட இரண்டு பேரும் இருந்தால் போதும்.

எங்களிடம் அதுதான் இல்லை. வங்கி கேட்டது ஒரே ஒரு காகிதம்: பதிவாளரிடம் கடைசியாகக் கொடுத்த பட்டியலின் சான்றிட்ட நகல். வகுப்பில் படிக்கும் ஒரு குழந்தையின் அம்மா அரை நாள் லீவு போட்டு, பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க் கோப்பைப் பார்த்துவிட்டு வந்தார். நான்கு ஆண்டுகளாகப் பட்டியலே கொடுக்கப்படவில்லை. அந்தப் பழைய பட்டியலில் இருந்தவர்களில் ஒருவர் காலமாகிவிட்டார், இருவர் ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூர் போய்விட்டார்கள். சண்டை போட்ட இரு தரப்பில் ஒருவர் பெயரும் அதில் இல்லை!

அந்த நான்கு ஆண்டும் பொதுக்குழுவில் டிபன் சாப்பிட்டுக் கை தட்டிவிட்டு வந்தவன்தான் நானும். தினமும் அடுத்தவர் காகிதத்தைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவன், சொந்தச் சங்கத்தில் ஒரு கேள்வி கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

விஷயம் தெரிந்ததும் இரு தரப்பும் ஒரு வீட்டில் உட்கார்ந்தார்கள். சந்தா பாக்கி இல்லாதவர்களின் பட்டியல் எடுத்து, முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, தேர்தல் நடந்தது. ஆறாவது நாளே பட்டியல் பதிவாளரிடம் போனது. பதினோரு வாரம் கழித்து வகுப்பு முழு நேரமும் நடந்தது. மூன்று குழந்தைகள் மட்டும் திரும்பி வரவில்லை.

உங்கள் ஊர்ச் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வருஷப் பட்டியல் கொடுத்தாச்சா, ரசீது எங்கே?" கேட்டால் கொஞ்சம் முறைப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.