குரூ கழகத்தின் பிள்ளைகள்: சிறிய கழகத்துக்குப் பயிற்சிக்கூடம் எதற்கு?

1997 மே மாதம் 25 ஆம் திகதி, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தின் இரு சிறிய உதைபந்தாட்டக் கழகங்கள் மோதின. வெல்லும் கழகம் மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறும். குரூ அலெக்சாண்ட்ரா கழகம் பிரென்ற்ஃபோர்ட் கழகத்தை ஒன்றுக்குப் பூச்சியம் என்ற கோல் கணக்கில் வென்றது. பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர், 2016 இல், அன்று தோற்ற கழகம் தனது இளையோர் பயிற்சிக்கூடத்தை மூடிவிட்டது. வென்ற கழகமோ அதற்குள் இரண்டு படிகள் கீழே இறங்கியிருந்தும் தனது பயிற்சிக்கூடத்தைக் கைவிடவில்லை. இவ்விரண்டு முடிவுகளில் எது சரியானது என்ற விவாதம் அந்நாட்டில் இன்னமும் ஓயவில்லை.

கொழும்பில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில், ஆங்கிலக் கழகங்களின் புள்ளிப்பட்டியல்கள் ரெலிபிரின்ரரில் வந்து விழும். முதற்பிரிவுப் பட்டியல் அச்சேறும். நான்காம் பிரிவுப் பட்டியல் பெரும்பாலும் குப்பைக்கூடைக்குப் போகும். அதனைக் கிழிக்கும்போது அடியில் குரூ என்ற பெயரை அடிக்கடி காண்பேன். எங்கேயிருக்கிறது இந்த ஊர் என்று தேடிப்பார்த்த பின்னரே, அது ரயில்பாதையால் உருவான ஊர் என்பது தெரியவந்தது. 1840களில் ரயில் இயந்திரத் தொழிற்சாலை அங்கே நிறுவப்பட்டது. அதனைச் சுற்றி நகரம் எழுந்தது. 1877 இல் தோன்றிய கழகத்துக்கு ரயில்வேக்காரர்கள் என்பதே பட்டப்பெயர். இன்றும் அந்நகரின் சனத்தொகை எழுபதாயிரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மன்செஸ்டரும் லிவர்பூலும் ரயிலில் ஒரு மணிநேரத்துக்கு உட்பட்ட தூரத்தில் இருக்கின்றன. உதைபந்தாட்டத்தில் இதைவிடத் துரதிர்ஷ்டமான அயல் இருக்கமுடியாது.

இத்தகைய கழகத்துக்கு 1983 இல் முகாமையாளராக வந்தவர் டாரியோ கிராடி. இத்தாலியின் மிலான் நகரில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். அவர் முதலில் கைக்கொண்ட வழி, பெரிய கழகங்கள் வேண்டாமென்று அனுப்பிவிட்ட இளைஞர்களைப் பொறுக்கியெடுப்பது. மன்செஸ்டர் யுனைட்டெட் விடுவித்த டேவிட் பிளாட் 1985 இல் இலவசமாக வந்தார். 1988 இல் 200,000 பவுணுக்கு அஸ்டன் வில்லாவுக்குப் போனார். 1990 உலகக் கிண்ணத்தில் பெல்ஜியத்துக்கு எதிராக மேலதிக நேரத்தின் இறுதி நிமிடங்களில் இங்கிலாந்தின் வெற்றிக் கோலை அடித்தார். மன்செஸ்டர் சிற்றி கைவிட்ட நீல் லெனனும், யுனைட்டெட் கைவிட்ட ரொபி சாவேஜும் அதே வழியில் வந்து, அதே வழியில் உயர்ந்தவர்கள்.

சிறுவயது முதல் குரூவிலேயே வளர்த்தெடுக்கப்பட்டவர்கள் அதற்கடுத்த தலைமுறையினர். டனி மேர்ஃபி 1997 இல் லிவர்பூலுக்கும், சேத் ஜோன்சன் 1999 இல் டேர்பிக்கும், டீன் அஷ்ரன் 2005 இல் நோரிச்சுக்கும் விற்கப்பட்டனர். பின்னைய இருவருக்கும் தலா முப்பது இலட்சம் பவுண் அளவில் கிடைத்தது. வாயிற்கட்டணத்தால் பிழைக்கவியலாத ஒரு கழகம், பிள்ளைகளை வளர்த்து விற்று, 1997 முதல் 2006 வரை ஒரேயொரு பருவம் தவிர இரண்டாம் படியில் நின்று பிடித்தது. சிறிய கழகம் எப்படி வாழவேண்டும் என்பதற்கு உதாரணமாக அக்காலத்தில் எல்லோரும் குரூவையே காட்டினார்கள்.

ஆயினும் இந்தப் பிழைப்பு ஒரு சட்ட ஏற்பாட்டின்மீது கட்டப்பட்டிருந்தது. வீரர் கழகத்தின் உடைமை என்ற பழைய வழக்கமே அந்த ஏற்பாடு. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் வீரரைப் பிடித்துவைத்திருக்கும் உரிமை கழகங்களுக்கு இருந்தது. நியூகாசில் கழகத்துக்கு எதிராக ஜோர்ஜ் ஈஸ்ற்றம் தொடுத்த வழக்கில், 1963 இல் நீதியரசர் வில்பர்ஃபோர்ஸ் அந்தப் பிடியைத் தளர்த்தினார். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய பொஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்தவருக்குக் கைமாற்றுத் தொகை கேட்கமுடியாது என்றது. அவ்வழக்கில் கழகங்களின் தரப்பு முன்வைத்த வாதம் கவனிக்கத்தக்கது: கைமாற்றுத் தொகை இல்லையேல் சிறிய கழகங்கள் இளையோரைப் பயிற்றுவிக்கமாட்டா என்பது. இளையோரை ஊக்குவிப்பது நியாயமான நோக்கம் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் எந்தச் சிறுவன் தேறுவான் என்று முன்கூட்டி யாராலும் சொல்லமுடியாது, தேறுபவர்கள் சிலரே, எனவே அந்தத் தொகைக்கும் உண்மையான பயிற்சிச் செலவுக்கும் தொடர்பில்லை என்று கூறி வாதத்தை நிராகரித்தது. வீரர்களின் பக்கம் நின்று பார்த்தால் இவ்விரு தீர்ப்புகளும் நியாயமானவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மனிதர்களை உடைமையாக வைத்திருந்த ஒரு வழக்கத்துக்காக யாரும் கண்ணீர் வடிக்கவேண்டியதில்லை.

2011 இல் நடந்ததை அவ்வாறு சொல்லமுடியாது. இங்கிலாந்தின் இளம் வீரர்களின் தரத்தை உயர்த்துவதற்கென்று பிரிமியர் லீக் ஒரு திட்டத்தை முன்வைத்தது. பயிற்சிக்கூடங்கள் நான்கு தரங்களாகப் பிரிக்கப்படும். முதலாம் தரக் கூடங்களுக்கு, ஒன்றரை மணிநேரப் பயணத் தூரத்துக்குள் வசிக்கும் சிறுவர்களையே சேர்க்கலாம் என்ற பழைய விதி தளர்த்தப்படும். சிறுவர்களுக்கான நட்டஈட்டை நடுவர் மன்றம் தீர்மானிப்பதற்குப் பதிலாக, நிலையான விகிதம் இருக்கும். ஒன்பது முதல் பதினொரு வயது வரை ஆண்டுக்கு 3,000 பவுண். பன்னிரண்டு முதல் பதினாறு வரை தரத்துக்கேற்ப ஆண்டுக்கு 12,500 முதல் 40,000 பவுண் வரை. மூன்றாம் தரக் கூடமொன்றில் ஒன்பது வயதில் சேர்ந்து ஐந்தாண்டு பயின்ற ஒரு சிறுவனைப் பெரிய கழகமொன்று கொண்டுபோவதற்குக் கொடுக்கவேண்டிய அடிப்படைத் தொகையைக் கணக்கிட்டுப் பார்த்தேன்: 34,000 பவுண். அவன் பின்னர் பெரிய அணியில் ஆடினால் மேலதிகத் தொகை உண்டு; ஆடினால்.

கீழ்ப்பிரிவுக் கழகங்கள் இதற்கு உடன்படாவிட்டால் இளையோருக்கான நிதியுதவி நிறுத்தப்படும் என்ற அச்சம் நிலவியது. அந்த ஆண்டு ஒக்ரோபரில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 46, எதிர்ப்பு 22, நடுநிலை 3. தமது கழுத்துக்கான கயிற்றைத் தாமே திரித்துக் கொடுத்தார்கள் என்று அன்று எனது நண்பரொருவர் சொன்னார். ஆனால் கையில் காசில்லாதவன் எப்படிப் பேரம்பேசுவான்?

விளைவு விரைவில் தெரிந்தது. அடுத்த ஆண்டு ஆதரவாளர்களின் அறக்கட்டளை பொறுப்பேற்ற வைகொம்ப் வொண்டரர்ஸ் கழகம் செலவு தாங்காமல் பயிற்சிக்கூடத்தை மூடிற்று. 2016 இல் பிரென்ற்ஃபோர்ட் மூடியது. மன்செஸ்டரின் இரு கழகங்களும் அதன் இரு சிறுவர்களை ஆளுக்கொருவராகக் கொண்டுபோயிருந்தன. ஈடாகக் கிடைத்தது தலா 30,000 பவுண் அளவில் என்று அப்போது செய்திகள் வெளியாகின. சிறுவர்களுக்குப் பதிலாக, பெரிய கழகங்கள் கழித்துவிட்ட இளைஞர்களைச் சேர்த்து ஓர் இரண்டாம் அணியை அது அமைத்தது. கணக்கில் வல்லவரான அதன் உரிமையாளர் மத்தியூ பென்ஹமின் கழகம் 2021 இல் பிரிமியர் லீக்கையே எட்டியபோது, மூடியது சரியென்று பலர் எழுதினார்கள்.

அவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. பிரென்ற்ஃபோர்ட் செய்தது புதிய வழியன்று. பிளாட்டையும் லெனனையும் சேர்த்த கிராடியின் பழைய வழியேதான். பிறர் பயிற்றுவித்தவனை எடுத்துக்கொள்வதற்கு, எங்கோ ஒருவர் அவனைப் பயிற்றுவித்திருக்கவேண்டும். எல்லோரும் மூடினால் இந்த வழியும் அடைபடும். பிரென்ற்ஃபோர்ட்டே 2022 இல் பயிற்சிக்கூடத்தை மீண்டும் தொடங்க முடிவெடுத்ததும் குறிப்பிடத்தக்கது.

குரூ 2012 இன் பின்னரும் இரண்டாம் தரக் கூடத்தை நடத்தியது. அவ்வாண்டு வெம்ப்ளியில் கோலடித்துக் கழகத்தை மூன்றாம் படிக்கு ஏற்றிய நிக் பவல், குரூவிலேயே பிறந்த 18 வயது இளைஞர். சில வாரங்களில் மன்செஸ்டர் யுனைட்டெட்டில் இருந்தார். 2013 ஏப்ரல் 27 ஆம் திகதி வோல்சோல் அணிக்கு எதிரான லீக் ஆட்டத்தைத் தொடங்கிய பதினொரு பேரும் கழகத்தின் சொந்தப் பயிற்சிக்கூடத்திலிருந்து வந்தவர்கள். ஓர் ஊரின் கழகம் என்று சொல்வதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று நான் அப்போது குறிப்பெழுதி வைத்தேன்.

ஆனால் குரூவின் கதையை இத்துடன் நிறுத்துவது நேர்மையன்று. 2016 நவம்பரில் அன்டி வூட்வேர்ட் என்ற முன்னாள் வீரர், குரூவில் சிறுவனாக இருந்தபோது பயிற்றுநர் பரி பெனல் தன்னைப் பாலியல் வன்கொடுமைக்கு உட்படுத்தியதைப் பகிரங்கமாகச் சொன்னார். அவரைத் தொடர்ந்து பலர் வாய்திறந்தனர். பெனல் 1985 முதல் 1992 வரை அக்கழகத்தில் பணியாற்றியவர். 1990களிலேயே அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தண்டிக்கப்பட்டிருந்த அவருக்கு 2018 இல் மேலும் 30 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2023 இல் சிறையில் இறந்தார். சிறுவர்கள் அவருடைய வீட்டில் இரவு தங்கினார்கள். அவர்களது நலனைக் கழகம் போதிய அளவு கவனிக்கவில்லை என்றும், காதுக்கு எட்டிய பேச்சுகள் குறித்துக் கிராடி மேலும் விசாரித்திருக்கவேண்டும் என்றும் 2021 மார்ச்சில் வெளியான ஷெல்டன் அறிக்கை கூறியது.

இதனைப் பயிற்சிக்கூட விவாதத்துக்குப் புறம்பான குற்றச்செயலாகத் தள்ளிவைக்க என்னால் முடியவில்லை. ஒரு சிறுவனின் கனவும், அவனது பெற்றோரின் நம்பிக்கையும், கழகத்தின் வருமானமும் ஒரு பயிற்றுநரின் ஒற்றைச் சொல்லில் தங்கியிருந்தபடியால்தான் அத்தனை பேரும் மௌனமாக இருக்கநேர்ந்தது. நல்ல வீரர்களைக் கண்டுபிடிப்பவர் என்ற பெயரே பெனலுக்குக் கவசமாயிற்று. ஆகவே வரவு செலவுக் கணக்கை மட்டும் காட்டி மூடு என்பவரோடும், மரபைக் காட்டித் திறந்து வை என்பவரோடும் நான் உடன்படுவதற்கில்லை.

வைத்திருக்கவேண்டும் என்பதே எனது கருத்து, இலாபத்துக்காக அன்று. அந்தக் கணக்கு 2011 வாக்கெடுப்போடு முடிந்துபோயிற்று. முதற்படிக் கழகங்கள் எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. பிந்தி வளர்பவனுக்கும் ஒரு முறை நிராகரிக்கப்பட்டவனுக்கும் கீழ்ப்பிரிவுக் கழகமே இரண்டாவது வாசல். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு மகனாக வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன், 2023 ஓகஸ்டில் லீக் கிண்ணப் போட்டியில் களமிறங்கியபோது நமது பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. அவர் களமிறங்கியது மூன்றாம் படியில் இருந்த பார்ன்ஸ்லி கழகத்துக்காக. வளர்ந்ததும் அதன் இளையோர் அணியில். அக்கழகமும் 2016 இல் பிரென்ற்ஃபோர்ட்டைப்போல் கதவைச் சாத்தியிருந்தால் அந்தச் செய்தியை நாம் வாசித்திருக்கமாட்டோம்.

லண்டனிலும் ஏனைய நகரங்களிலும் பிள்ளைகளை இத்தகைய கூடங்களுக்கு அழைத்துச்செல்லும் தமிழ்ப் பெற்றோர் இப்போது பெருகியிருக்கிறார்கள். இங்கிருந்து எத்தனை பேர் பெரிய கழகத்துக்குப் போனார்கள் என்றுதான் அவர்கள் முதலில் கேட்கிறார்கள். வெளியூர்ப் பயணத்தின்போது பிள்ளை எங்கே தங்குவான், முறைப்பாடு ஒன்றிருந்தால் பயிற்றுநரைத் தாண்டி யாரிடம் சொல்வது, பதினாறு வயதில் அவனை வேண்டாமென்றால் அவனது படிப்பு எந்த நிலையில் இருக்கும் ஆகிய மூன்றையும் அதற்கு முன்னர் கேட்கட்டும். பதில் சொல்லத் தயங்கும் கழகமாயின், பிள்ளையை மறுநாளே வீட்டுக்கு அழைத்துவந்துவிடலாம்.