கல்நாரும் தேயிலையும்



ஊவா மலைத் தோட்டங்களின் லயங்களுக்கு நெடுங்காலம் தகரமே கூரையாக இருந்தது. வெயிலிற் கொதித்து, மழையில் இரைந்து, துருவேறி ஒழுகிய அத்தகரம் இருந்த இடத்திற் பின்னாளிற் பல வீடுகளுக்குக் கல்நார்த் தகடு வந்தது. நாம் 'அஸ்பெஸ்டஸ் சீற்' என்று வழங்கும் அது, சீமெந்தோடு கல்நார் இழைகளைக் கலந்து செய்யப்படுவது. அவ்விழையின் வரலாற்றைப் பதுளையில் உள்ளோரும் அறிதல் நன்று.

தென்னாபிரிக்காவின் கிம்பர்லி நகரில், நெஞ்சில் நீர் கோத்த நோயாளர் சிலரைக் காசநோயாளர் என்றே முதலிற் கருதினர். காசநோய் மருந்துக்கு அவர்கள் குணமடையவில்லை. வாக்னர் முதலிய மூவர் ஆராய்ந்து, 1960ஆம் ஆண்டில் 33 பேரின் விவரத்தை வெளியிட்டனர். அவர்களைப் பற்றியது, நுரையீரலைப் போர்த்திய மெல்லிய சவ்விலே தோன்றும் 'மீசோதீலியோமா' என்னும் அரிய புற்றுநோய். ஒருவர் நீங்கலாக ஏனையோர் யாவரும் நீலக் கல்நாரோடு தொடர்புற்றவராகக் காணப்பட்டனர். அவர்களுட் சுரங்கத்தில் வேலை செய்யாது, அதன் அயலில் வாழ்ந்தோரும் இருந்தனர்.

கண்ணுக்குப் புலனாகா அவ்விழை மூச்சோடு உட்புகுந்து, கரையாது தங்குகிறது. நோய் வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள் வரை செல்லலாம். இளமையில் உட்சென்ற தூசி முதுமையிலே வினையாற்றும், காரணம் மறக்கப்பட்டிருக்கும்.

இனித் தேயிலையின் பங்கைக் காண்போம். 2018 தொடக்கத்திலிருந்து கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை முடிவு செய்திருந்தது. நமக்குக் கல்நார் விற்கும் ரஷ்யா, 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதென்று நம் தேயிலைக்குத் தடை விதித்தது. அம்மாதமே இலங்கை தன் முடிவைத் தள்ளிவைத்தது, தடையும் நீங்கிற்று. இவ்விரண்டும் தொடர்புடையன என்று அந்நாளிற் பரவலாகப் பேசப்பட்டது. கொழுந்து பறிப்பவரின் பிழைப்பும் அவர் தலைக்கு மேலுள்ள கூரையும் இவ்வாறு ஒரே தராசில் நின்றன.

அச்சம் வேண்டா, அவதானம் வேண்டும். உடையாத தகட்டில் இழை சீமெந்தாற் பிணிக்கப்பட்டிருப்பதால் ஆபத்துக் குறைவு. அறுத்தல், துளைத்தல், பாசியை உலரச் சுரண்டல், உடைத்தல் என்பனவே தூசியை எழுப்புவன. கழற்றுமுன் நீரால் நனையுங்கள். துண்டுகளைப் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் விடாதீர்கள். நெடுநாள் மூச்சிளைப்போ நெஞ்சு நோவோ உள்ள முதியவர், தாம் முன்னர்ச் செய்த தொழில்களையும் மருத்துவரிடம் மறவாது சொல்வாராக.