ஆபரேஷன் யாருக்கு?

தமிழ்நாட்டு வீடுகளில் ‘ஆபரேஷன்’ என்று மொட்டையாகச் சொன்னால், பல சமயம் அது ஒன்றைத்தான் குறிக்கும். இரண்டாவது பிரசவம் முடிந்து வீடு திரும்பிய பெண்ணிடம் அத்தையோ பெரியம்மாவோ, “ஆபரேஷன் பண்ணியாச்சா?” என்று கேட்பார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கணவனிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டாலும், “உழைக்கிற ஆம்பளை, அவனுக்கு எதுக்கு அதெல்லாம்” என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

இந்த வீட்டுப் பேச்சுக்கு ஒரு தேசியக் கணக்கும் இருக்கிறது. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் அறுவை செய்துகொண்ட தம்பதிகள் 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் இடைவெளி இன்னும் பெரிது: பெண்கள் 57.8, ஆண்கள் 0.1.

இதைக் காலங்காலமாக வரும் வழக்கம் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் 1967-68இல் இந்தியாவில் நடந்த கருத்தடை அறுவைகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. ஐம்பது ஆண்டுகளில் இந்தக் கணக்கு எப்படித் தலைகீழானது?

வரலாற்றுக்குள் போவதற்கு முன் உடலைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

விதையில் உருவாகும் விந்தணுக்கள் இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாக மேலேறி விந்து நீரில் கலக்கின்றன. வாசெக்டமி என்பது அந்தக் குழாய்களை வெட்டி அடைப்பது, அவ்வளவுதான். மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். அன்றே வீட்டுக்குப் போகலாம். 1974இல் லி ஷுன்சியாங் என்ற சீன மருத்துவர், கத்தியே இல்லாமல் சிறு துளை வழியாக இதைச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அறுவைக்குப் பிறகும் விந்தணு உருவாகும். வெளியேறாததை உடலே உறிஞ்சிக்கொள்ளும். ஆண் ஹார்மோன் ரத்தத்தில் கலந்து போவது, அந்தக் குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதனால் ஆசையோ எழுச்சியோ பலமோ குறைவதில்லை. ஏற்கனவே வழியில் இருக்கும் அணுக்கள் தீர்வதற்கு மூன்று மாதம் காத்திருந்து, ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பெண்ணின் கருக்குழாய்கள் வயிற்றுக்குள்ளே இருப்பவை. அவற்றைத் தொட வயிற்றைக் கீறியாக வேண்டும், அல்லது துளையிட்டு லேப்ராஸ்கோப்பை விட வேண்டும். மயக்கம் தர வேண்டும். தொற்றும் ரத்தக்கசிவும் ஏற்படும் அபாயம் ஆண் அறுவையைவிட அதிகம். பலனிலும் ஆண் அறுவை ஒரு படி மேல்: முதல் ஆண்டில் தவறிக் கரு தங்குவது ஆண் அறுவையில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு, பெண் அறுவையில் ஐந்து.

மருத்துவப் புத்தகம் மட்டும் முடிவெடுத்திருந்தால், இனிக் குழந்தை வேண்டாம் என்று தீர்மானித்த தம்பதிகளில் பெரும்பாலும் ஆண்தான் மேசையில் படுத்திருப்பான். அப்படி நடக்காததற்கான காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

இந்தியாவில் கருத்தடை பற்றிய பேச்சை முதலில் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ரகுநாத் தோண்டோ கார்வே. 1921இல் பம்பாயில் கருத்தடை ஆலோசனை மையம் திறந்தார். கணிதப் பேராசிரியர் வேலை போயிற்று. ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற மராத்தி இதழை 1927 முதல் சாகும்வரை நடத்தினார். சென்னையில் 1920களின் இறுதியில் நியோ மால்தூசியன் லீக் என்ற சங்கம் உருவானது. நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் கூடிய அந்தச் சபைக்குப் பெரிய கவலை ஜனத்தொகை. ஏழைகள் அதிகம் பெறுகிறார்கள், நாடு தாங்காது என்ற கவலை.

அதே காலத்தில் ‘குடி அரசு’ இதழில் பெரியாரும் கர்ப்பத்தடை பற்றி எழுதிக்கொண்டிருந்தார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் அது தனி அத்தியாயமாகவே இருக்கிறது. அங்கே அவர் ஒரு கோடு கிழிக்கிறார். தாயின் உடல்நலம், குடும்பச் சொத்து, நாட்டின் வறுமை என்று மற்றவர்கள் காரணம் சொல்கிறார்கள். தன் காரணம் வேறு, பெண்ணின் விடுதலைக்கு அது தேவை என்கிறார். வறுமைக்காகக் கருத்தடை என்றால், எத்தனை பிள்ளை போதும் என்று வேறு யாரோ கணக்குப் போடலாம். விடுதலைக்காக என்றால் அந்தக் கணக்கு அவளுடையது.

காந்தி இரண்டு கட்சியிலும் இல்லை. 1935 டிசம்பரில் அமெரிக்கக் கருத்தடை இயக்கத்தின் மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கு வந்து அவரோடு பேசினார். காந்தி அசையவில்லை, புலனடக்கம்தான் வழி என்றார்.

சுதந்திர இந்தியாவின் முதல் சோதனையில் அந்தச் சாயல் தெரிகிறது. அரசே குடும்பக் கட்டுப்பாட்டைக் கொள்கையாக அறிவித்த முதல் நாடு இந்தியா, ஆண்டு 1952. அப்போது சுகாதார அமைச்சராக இருந்த ராஜ்குமாரி அம்ரித் கௌர் காந்தியின் சீடர். ரப்பரும் மருந்தும் அவருக்கு உடன்பாடில்லை. உலக சுகாதார நிறுவனம் அனுப்பிய ஆப்ரகாம் ஸ்டோனோடு சேர்ந்து, ‘பாதுகாப்பான நாள்’ முறை கையிலெடுக்கப்பட்டது. டெல்லி லோதி காலனியிலும் மைசூர் மாநிலத்து ராமநகரத்திலும் பெண்களுக்கு மணிமாலை கொடுத்தார்கள். தினம் ஒரு மணியை நகர்த்த வேண்டும். ஒரு நிறம் வந்தால் சேரலாம், இன்னொரு நிறம் வந்தால் கூடாது.

மாலை மணியைச் சரியாகவே நகர்த்தினாலும், இன்றைக்கு நாள் சரியில்லை என்று கணவனிடம் சொல்லி அதை அவன் கேட்கும் நிலை எத்தனை வீட்டில் இருந்திருக்கும்? மாதவிடாய்ச் சுழற்சியும் மாலைக்குக் கட்டுப்பட்டு வருவதில்லை. சோதனை ஓய்ந்துபோனது.

சென்னை மாகாணம் வேறு வழியில் போனது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர். ஏ. கோபாலசாமி பிறகு இங்கே தலைமைச் செயலாளரானார். மூன்று பிள்ளைக்கு மேல் பெறுவது நாட்டுக்குப் பாரம் என்பது அவர் கணக்கு. அதற்கு அவர் கண்ட மருந்து அறுவை. 1950களின் பிற்பகுதியில் அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் தரப்பட்டது. அடுத்த கட்டமாக, ஆள் சேர்த்துக்கொண்டு வருபவருக்கும் தொகை. ஏற்கனவே வாசெக்டமி செய்துகொண்ட ஆண்கள் இந்த வேலைக்கு இறங்கினார்கள். அவர்கள் பிரச்சாரகர்களா, புரோக்கர்களா? ஊருக்கு ஊர் பதில் மாறியிருக்கும். ஆனால் பிற்பாடு நாடு முழுக்கப் பரவிய ஏற்பாட்டின் வரைபடம் இங்கேதான் தயாரானது: தலைக்கு இவ்வளவு பணம், இத்தனை தலை.

நடுவில் 1965இல் லூப் வந்தது. அமெரிக்க மருத்துவர் ஜாக் லிப்பிஸ் வடிவமைத்த வளைந்த பிளாஸ்டிக். கருப்பைக்குள் வைத்தால் கரு தங்காது. முகாம் போட்டு லட்சக்கணக்கில் பொருத்தினார்கள். ரத்தப்போக்கு, வலி, தானாகக் கழன்று விழுவது என்று பெண்கள் திரும்பி வந்தபோது கவனிக்க ஆளில்லை. பொருத்தியவர்களுக்கு இலக்கு பொருத்துவதோடு முடிந்துவிட்டது. ஊர்ப் பேச்சு ஒரே ஆண்டில் லூப்பின் பெயரைக் கெடுத்தது. அதன் மகளான காப்பர் டி இன்று உலகில் கிடைக்கும் மிகச் சிறந்த முறைகளில் ஒன்று. செம்பு மெல்லக் கசிந்து விந்தணுவை முடக்கிவிடும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். ஆனாலும் 2019-21 ஆய்வில் அதைப் பயன்படுத்துவோர் 2.1 சதவீதம்தான்.

1968இல் நிரோத் வந்தது, மூன்று ஆணுறை 15 காசு. டீத்தூளும் சோப்பும் விற்ற பெரிய கம்பெனிகளின் வேன்களில் ஏறி அது பெட்டிக்கடைவரை போனது. சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ வாசகமும் சுவரெல்லாம் வந்தன.

ஆனால் அரசுக்கு நிரோத் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஓராண்டில் நூறு பெண்களில் ஆணுறையை நம்பியவர்களில் 13 பேருக்கும், மாத்திரையை நம்பியவர்களில் 7 பேருக்கும், காப்பர் டி வைத்தவர்களில் ஒருவருக்கும் குறைவாகவும் கரு தங்கும் என்பது இன்றைய மதிப்பீடு. பிசகாமல் பயன்படுத்தினால் ஆணுறையில் அது இரண்டாகவும், மாத்திரையில் ஒன்றுக்குக் கீழும் இறங்கிவிடும். கருமுட்டை வெளிவருவதையே நிறுத்தும் மாத்திரை வேலை செய்யத்தான் செய்கிறது. மறதியும் அவசரமும் தீர்ந்துபோன அட்டையும்தான் அந்த வித்தியாசம். அதாவது இந்த முறைகள் மனுஷனை நம்பியிருக்கின்றன. ஒவ்வொரு நாளும் ஒருவர் முடிவெடுக்க வேண்டும், மனம் மாறினால் விட்டுவிடலாம். இப்படி மனம் மாறக்கூடியவர்களை அரசின் பதிவேட்டில் ஒரு கட்டத்துக்குள் எழுத முடியாது. அறுவையை எழுதலாம். ஒருமுறை செய்தால் முடிந்தது, மாலைக்குள் கூட்டிப் பார்த்துவிடலாம். எண்ண வசதியான முறை எதுவோ அதுவே அலுவலகங்களுக்குச் சிறந்த முறையாகிவிட்டது.

எர்ணாகுளத்தில் அது திருவிழாவானது. 1970 இறுதியில் ஆட்சியர் கிருஷ்ணகுமார் நடத்திய முகாமில் 15,005 வாசெக்டமி. அடுத்து 1971 ஜூலையில், ஒரே மாதத்தில் 63,418. பணம், அரிசி, துணி எல்லாம் கொடுத்தார்கள்.

அதன் பிறகு நெருக்கடிநிலை வந்தது. 1976-77இல் நாட்டில் சுமார் 82 லட்சம் அறுவைகள்; அவற்றில் 62 லட்சம் ஆண்களுக்கு. ஆசிரியர்களுக்கு இலக்கு, எட்டாவிட்டால் சம்பளம் இல்லை. 1976 நவம்பரில் ஹரியானாவின் உட்டாவர் கிராமத்தைப் போலீஸ் விடியலில் சுற்றி வளைத்து ஆண்களை அள்ளிக்கொண்டு போனது. அறுவை தொடர்பாக 1,774 மரணங்கள் பதிவானதை ஷா கமிஷன் அறிக்கை சொல்கிறது. 1977 தேர்தலில் வடஇந்தியாவில் காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டதற்கு ‘நஸ்பந்தி’ ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த ஆண்டு வாசெக்டமி இரண்டு லட்சத்துக்கும் கீழே விழுந்தது. திட்டத்தின் பெயர் ‘குடும்ப நலம்’ என்று மாறியது. ஆனால் இலக்கு போகவில்லை, ஆள்தான் மாறினார். ஆண்களுக்கு ஓட்டுப் போடும் கோபம் இருந்தது. பெண்கள் ஏற்கனவே பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார்கள். புதிதாக வந்த லேப்ராஸ்கோப், ஒரே நாளில் பல பெண்களுக்குச் செய்ய வசதி தந்தது. 1976இல் ஆண்கள்மேல் ஏவப்பட்ட அநியாயத்துக்கு நாம் கண்ட பரிகாரம், அந்தக் கத்தியைப் பெண்கள் பக்கம் திருப்பியது. என்னை இந்த வரலாற்றில் மிகவும் தொந்தரவு செய்யும் இடம் இதுதான்.

1996இல் காகிதத்தில் இலக்குகள் ஒழிந்தன. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே, பயன்பாட்டில் இல்லாத ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அந்த வாரம் மாவட்டத்து முகாம்களுக்கு வந்த பெண்களில் 13 பேர் இறந்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்தச் சொன்னது.

தமிழ்நாட்டின் 57.8ஐ வெறும் வற்புறுத்தல் என்று சொல்லிவிட முடியாது. இங்கே பெரும்பாலான அறுவைகள் ஆஸ்பத்திரியில், பிரசவத்தை ஒட்டி நடப்பவை. பல பெண்கள் தெளிவாகக் கேட்டுத்தான் செய்துகொள்கிறார்கள்; “இதோட போதும்டா சாமி” என்ற நிம்மதி பொய்யல்ல. ஆனால் மேசையில் வைக்கப்படும் தேர்வுகள் எத்தனை என்று கேட்க வேண்டும். லக்னோவின் மத்திய மருந்தாய்வு நிறுவனம் உருவாக்கி 1991இல் வெளிவந்த சஹேலி, ஹார்மோன் இல்லாத மாத்திரை. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. நம் ஊர்க் கண்டுபிடிப்பு. அது பெயரளவிலாவது தெரிந்த பெண்கள் எத்தனை பேர்?

அதே ஆய்வில் ஆண்களிடமும் ஒரு கேள்வி கேட்டார்கள். கருத்தடை பெண்கள் சமாச்சாரம், ஆண் கவலைப்பட வேண்டியதில்லை என்பதை 35 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். வாசெக்டமி செய்துகொண்டால் அரசு பெண்ணுக்குத் தருவதைவிட ஆணுக்கு அதிகமாகவே பணம் தருகிறது. பணம் வாங்க ஆளில்லை. கோபாலசாமி காலத்து 30 ரூபாயில் தொடங்கிய வழி இங்கே முட்டி நிற்கிறது.

பெரியார் கிழித்த கோட்டை வைத்துப் பார்த்தால், பிள்ளைப்பேறு குறைந்ததில் தமிழ்நாடு ஜெயித்துவிட்டது. 2019-21 ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. மால்தூசியன் லீக்கின் கனவான் ஒருவர் இன்று வந்தால் திருப்தியோடு திரும்பிப் போவார். ‘குடி அரசு’ கேட்டது வேறு கணக்கு. அதைப் போட்டுப் பார்க்க அடுத்த முறை ஆஸ்பத்திரி வார்டில் “ஆபரேஷன் பண்ணியாச்சா?” என்ற கேள்வி எழும்போது, அது எந்த நாற்காலியைப் பார்த்துக் கேட்கப்படுகிறது என்று கவனித்தால் போதும்.