பிட்ஸ்பர்க் எழுதிய புகைக் கணக்கு

வங்கியில் பேரேடு எழுதியே காலம் கழித்தவனுக்கு, ஓய்வு பெற்ற பிறகும் ஒரு செலவுப் பட்டியல் கண்ணில் பட்டால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. அண்மையில் அப்படிக் கூட்டிப் பார்த்தது, 1913இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் போட்ட புகைக் கணக்கு.

இரும்பு உருக்கும் ஊர் அது. ஆலை, ரயில், வீட்டு அடுப்பு எல்லாம் நிலக்கரிதான். பட்டப்பகலில் தெருவிளக்கு எரியும். ஆபீஸ் போகிறவர்கள் மதியம் மாற்றிக்கொள்ள இன்னொரு வெள்ளைச் சட்டை கொண்டுபோவார்கள். புகை வந்தால்தான் பிழைப்பு என்று ஊரே நம்பியது.

மெல்லன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜான் ஓ'கானர் என்ற பொருளியலாளர், அந்தப் புகைக்குத் தலைப்பு வாரியாகப் பற்று எழுதினார். கூடுதல் சலவைச் செலவு 15 லட்சம் டாலர். டிரை கிளீனிங் ஏழரை லட்சம். கடைகளில் கரி படிந்து கெட்ட சரக்கு 16.5 லட்சம். கடைகளில் கூடுதலாக எரிந்த விளக்கு 6.5 லட்சம். லேஸ் திரைச்சீலைக்குக்கூட 3.6 லட்சம்! சரியாக எரியாமல் புகைபோக்கி வழியே வீணாய்ப் போன கரி மட்டும் 15 லட்சத்துக்கு மேல். மொத்தம் 99,44,740 டாலர். அன்றைய மக்கள்தொகை சுமார் 5.34 லட்சம், தலைக்கு ஏறக்குறைய 19 டாலர் விழுகிறது. கூட்டல் டேலி ஆகிறது, நானே சரிபார்த்தேன்.

கணக்கு வந்ததும் ஊர் திருந்திவிடவில்லை. சட்டம் வர 1941 ஆயிற்று. போர் குறுக்கிட்டதால் தொழிற்சாலைகளுக்கு 1946இலும் வீடுகளுக்கு 1947இலும்தான் அமலானது. கம்பெனிகள் ஊரைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்த வங்கி முதலாளி ரிச்சர்ட் கிங் மெல்லனும், எதிர்க்கட்சிக்காரரான மேயர் டேவிட் லாரன்சும் கைகோர்த்தார்கள். புகையில்லா எரிபொருளுக்கு விலை அதிகம். அது கூலிக்காரர் தலையில் விழுந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1949 தேர்தலில் லாரன்சுக்கு எதிராக இதையே பேசினார்கள். அவர் ஜெயித்தார். பிறகு குழாய் வழி இயற்கை எரிவாயு வந்தது, ரயில்கள் டீசலுக்கு மாறின, வானம் தெளிந்தது. 1950களில் ஈக்விடபிள் இன்சூரன்ஸ் கம்பெனி நகர நடுவில் கேட்வே சென்டர் என்ற பெரிய அலுவலக வளாகத்தையே கட்டியது.

இனி, அந்தப் பேரேட்டில் எழுதாமல் விட்ட பக்கத்துக்கு வருகிறேன். சட்டைக்குக் கணக்கு இருக்கிறது, சட்டைக்குள் இருந்த மனிதனுக்கு இல்லை. அந்தப் பக்கத்தை நிரப்ப நூறு வருஷம் பிடித்தது. சீனாவில் ஷாங்காய், நான்டோங் நகரங்களின் கால் சென்டர் ஊழியர்களை வைத்து ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். மாசுக் குறியீடு 10 புள்ளி ஏறினால், ஒருவர் அன்றைக்குப் பேசி முடிக்கும் அழைப்புகள் 0.35 சதவீதம் குறைகின்றன. இத்தனைக்கும் அது கட்டடத்துக்குள் உட்கார்ந்து பார்க்கும் வேலை.

அற்பமாகத் தோன்றுகிறதா? இதே விகிதத்தில் 100 புள்ளிக்குப் போட்டுப் பாருங்கள், மூன்றரை சதவீதம். முப்பது பேர் உள்ள ஆபீஸில் ஒருவர் வராததற்குச் சமம். வருகைப் பதிவேட்டில் மட்டும் முப்பது கையெழுத்தும் இருக்கும்.

1913 பட்டியல் முழுவதையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் மாலை நடையின்போது கேளுங்கள், தருகிறேன்.