பூட்டும் வாயிலும்

அரபு நாட்டு இசைவாணர் ஒரு பாடலடியைப் பாடி நிறைவு செய்யும் இடத்திற்குக் ‘கஃப்லா’ என்று பெயர் சொல்வர். காஃப், ஃபே, லாம் என்னும் மூன்றெழுத்து வேரினின்று பிறந்த சொல் இது. அதே வேரில் வந்த ‘குஃப்ல்’ என்பதற்குப் பூட்டு என்பது பொருள். அதன் பன்மையாகிய ‘அக்ஃபால்’ திருக்குர்ஆனின் 47ஆம் அத்தியாயம் 24ஆம் வசனத்தில் உள்ளங்களின் பூட்டுகளைக் குறித்து வருவதை ஓதுவோர் அறிவர். ஆகவே, கஃப்லா என்பது பாட்டைப் பூட்டுதல்.

அவ்வேருக்கு மற்றொரு பொருளும் உண்டு. பயணத்தினின்று திரும்புதலையும் அது குறிக்கும். வணிகக் கூட்டத்தைச் சுட்டும் ‘காஃபிலா’ அவ்வழி வந்ததே. புறப்பட்டுச் செல்லும் கூட்டத்தைத் ‘திரும்பும் கூட்டம்’ என்றழைப்பது எங்ஙனம் பொருந்தும்? நலமே மீண்டு வருக என்னும் நன்னிமித்தம் கருதி அவ்வாறு வழங்கினர் என்பர் அகராதி ஆசிரியர். ‘மகாம்’ என்னும் பண்ணில் உலாவிய குரல், ‘கரார்’ எனப்படும் ஆதார சுரத்திற்கு மீண்டு அமைவதே கஃப்லாவின் இயல்பு. பூட்டுதல், மீளுதல் ஆகிய இரு பொருளும் இசையில் ஒருங்கே அமைந்துள்ளன.

இதே வேர்ச்சொல் பாட்டிலக்கணத்தில் இடம்பெற்ற வரலாறு நம்மை அந்தலூஸ் என்னும் முஸ்லிம் ஸ்பெயினுக்கு அழைத்துச் செல்கிறது. பழைய அரபுக் கஸீதா தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே இயைபில் நடப்பது. ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில், கப்ரா என்னும் ஊரைச் சேர்ந்த கவிஞர் ஒருவர் அவ்வழக்கினின்று விலகிப் புதுவகைப் பாட்டொன்றைப் புனைந்தார். அதுவே ‘முவஷ்ஷஹ்’. பெண்டிர் அணியும் மணிகள் பதித்த கச்சையாகிய ‘விஷாஹ்’ என்பதனின்று வந்த பெயர் அது. இதில் ஒவ்வொரு கண்ணியும் தனக்குரிய இயைபில் நடக்கும். ஆயினும் கண்ணிதோறும் ஈற்றில் வரும் அடிகள் பாட்டு முழுவதும் ஒரே இயைபு கொண்டு நிற்கும். அவ்வீற்றடிகளுக்குக் ‘குஃப்ல்’ என்றே பெயர். முழுமையான முவஷ்ஷஹில் ஐந்து கண்ணிகளும் ஆறு பூட்டுகளும் இருக்கும்.

இங்குதான் ஒரு வியப்பைக் காண்கிறோம். கடைசிப் பூட்டுக்கு மட்டும் தனிப்பெயர் உண்டு. அது ‘கர்ஜா’. கே, ரே, ஜீம் என்னும் வேரினின்று வந்த இச்சொல்லுக்கு வெளியேறுதல் என்று பொருள். இறுதிப் பூட்டையே வெளியேறும் வாயிலென்று கண்டனர் அந்தலூஸியர்!

பொருத்தமான பெயரே அது. பாட்டின் உடல் முழுவதும் இலக்கணத் தூய்மை வாய்ந்த அரபியில் இருக்கும். கர்ஜாவுக்கு வந்ததும் அம்மொழி விலகிவிடும். தெருவிலும் அடுக்களையிலும் வழங்கிய பேச்சுமொழி உள்ளே வரும். பெரும்பாலும் அது பேச்சு அரபி. சிற்சில பாடல்களில் லத்தீன் வழிவந்த ஸ்பெயின் நாட்டு மக்கள்மொழி. ‘அவள் பாடினாள்’ என்பது போன்ற ஒரு சொல்லால் தோற்றுவாய் செய்து, காதலனைப் பிரிந்த பெண்ணொருத்தியின் வாய்மொழியாக அதனை அமைப்பர்.

எகிப்தின் அறிஞர் இப்னு ஸனாவுல் முல்க் (மறைவு 1211) ‘தாருத் திராஸ்’ என்னும் நூலில் இப்பாவகைக்கு இலக்கணம் வகுத்தார். கவிஞன் கர்ஜாவையே முதலில் புனைதல் வேண்டும் என்பது அவர் விதி. அவருக்கு முற்பட்ட இப்னு பஸ்ஸாம் (மறைவு 1147), மக்களின் பேச்சுத் தொடரை எடுத்து ‘மர்கஸ்’, அதாவது மையம், எனப் பெயரிட்டு, அதன்மேல் பாட்டைக் கட்டியதாகக் கப்ராக் கவிஞரைப் பற்றி எழுதுகிறார். ஈற்றில் நிற்பதே மையமாகவும், முதலில் பிறப்பதாகவும் ஆயிற்று. ஆயினும் அரபு யாப்புக்குப் பெரும்பாலும் அடங்காதவை என்று கூறி, முவஷ்ஷஹ்களைத் தம் தொகை நூலில் சேர்க்காது விட்டார் அதே இப்னு பஸ்ஸாம்.

இந்த வாயிலின் அருமை 1948இல் புலனாயிற்று. ஸாமுவேல் ஸ்டெர்ன் என்னும் ஆய்வாளர், ஹீப்ரு மொழி முவஷ்ஷஹ்களின் ஈற்றடிகளில் அந்த ஸ்பெயின் மக்கள்மொழி ஒளிந்திருப்பதை வெளிப்படுத்தினார். பின்னர் அரபு முவஷ்ஷஹ்களிலும் அத்தகைய ஈற்றடிகள் வெளிவந்தன. அரபு எழுத்திலும் ஹீப்ரு எழுத்திலும் உயிர்க்குறியின்றி எழுதப்பட்டமையால் அவற்றைப் படிப்பதில் இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. அரபுத் தமிழ் நூல்களைப் புரட்டியவர்க்கு, ஒரு மொழி மற்றொன்றின் எழுத்தில் வாழ்வது புதுமையன்று. உயிர்க்குறி நீங்கின் எத்துணை இடர்ப்பாடு நேரும் என்பதையும் அவர் எளிதில் உணர்வர்.

இவ்வடிவம் அரபியரின் சொந்தப் படைப்பா, ஸ்பெயின் நாட்டுப் பாட்டின் வழிவந்ததா என்று அறிஞர் வழக்காடுகின்றனர். வழக்கு எவ்வாறு முடியினும் ஒன்று தெளிவு. அந்த மண்ணின் எளிய மக்கள் பேசிய மொழியின் மிகப் பழைய சான்றுகளுட் சில, அரசவைப் புலவரின் பாட்டீற்றில்தான் தப்பிப் பிழைத்தன. புறக்கணிக்கத்தக்கதென்று அவர்கள் அதனைக் கருதியிருப்பின், நமக்கு எதுவும் எஞ்சியிராது.

உம்மு குல்தூம் (மறைவு 1975) பாடிய அரங்குகளின் ஒலிப்பதிவைக் கேட்டவர், கஃப்லா அமைந்த கணத்தில் அவை முழுவதும் ‘அல்லாஹ்!’ என்று ஆர்ப்பரிப்பதைக் கேட்டிருப்பர். பாடியவர் பூட்டிய இடத்தில் கேட்டவர் வாய் திறக்கிறது. கஃப்லாவும் கர்ஜாவும் வெவ்வேறு காலத்தன, வெவ்வேறு வேரின. எனினும் முடிவு என்பது பிறர் குரலுக்கு இடம் விடுவது என்னும் ஓருண்மையை அவை இரண்டும் உணர்த்துகின்றன.