அடுப்புக்கு வராத வெயில்

தாத்தாவின் வாசிக்கிற கண்ணாடியை இஸ்தோப்பில் வெயிலுக்குப் பிடித்து, காய்ந்த சருகை ஓட்டை போட்டு விளையாடியவர்கள் எங்களில் நிறையப் பேர். பள்ளிக்கூடத்தில் அதற்கே குவிவு வில்லை, குவியம், குவியத்தூரம் என்று பெயர் வைத்துப் படிப்பித்தார்கள். படம் கீறி மார்க்ஸும் எடுத்தோம். ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. வெயிலால் நெருப்பு வைக்க முடியும் என்றால், நம்ம அம்மாமார் ஏன் இன்னும் விறகுக் கட்டைத் தலையில் சுமக்கிறாங்க?

2022இல் கேஸ் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது நகரத்துக்காரர்களுக்கு விறகு ஒரு புதுச்செய்தி. தோட்டத்தில் அது பழைய கதைதான். கவ்வாத்து வெட்டினால் மிலாறு கிடைக்கும், மற்ற நாளில் காட்டோரம் பொறுக்க வேண்டும். 10 அடிக்கு 12 அடி காம்பராவில் புகை எங்கே போகும் என்று லயத்தில் படுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம் (நாங்கள் கலைப்பீடம், ஆனாலும் இந்தளவுக்குக் கணக்கு வரும்). உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றரில் விழும் சக்தி ஏறத்தாழ 1000 வாற்று. 5 சென்ரிமீற்றர் அகலமான கைவில்லை பிடித்துக்கொள்வது அதில் 2 வாற்று மட்டுமே. அந்த இரண்டும் ஒரு புள்ளியில் விழுவதால் சருகு பற்றுகிறது. அதே வில்லையால் ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் பார்த்தால், சூடு கொஞ்சமும் வெளியே போகாவிட்டாலும் 40 மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். ஆக, நெருப்பு மூட்டுவது வேறு, சோறாக்குவது வேறு. சமைக்க வேண்டுமென்றால் பெரிய பரப்பு வேண்டும்: பெரிய தட்டை வில்லை, இல்லாவிட்டால் வளைந்த கண்ணாடி.

மூட்டுவது நம்ம ஆட்களுக்கு எப்பவோ தெரியும். சூரியகாந்தக் கல் என்று பழைய தமிழ் நூல்களில் வருமே, அதுதான். திருமந்திரத்தில் திருமூலர் அதை உவமையாக எடுக்கிறார். பஞ்சு சுற்றிய கல் தானாகப் பஞ்சைச் சுடாது, சூரியனின் முன்னிலையில்தான் சுடும். குருவின் முன் மலங்கள் அற்றுப் போவதும் அப்படித்தான் என்கிறார். சைவ சித்தாந்தம் படிப்பவர்கள் உவமையைத் தாண்டி உள்ளே போய்விடுவார்கள். நாங்கள் வாசலிலேயே நின்றுவிட்டோம். கேட்பவர்களுக்குத் தெரியாத பொருளை யாரும் உவமையாக எடுக்க மாட்டார்கள்தானே?

ஐரோப்பாவிலும் இது அறிவு தேடும் ஆட்களின் சாமான்தான். 1774இல் ஜோசப் பிரீஸ்ட்லி பெரிய வில்லையால் பாதரச ஒக்சைட்டைச் சூடாக்கித்தான் ஒட்சிசனைப் பிரித்தெடுத்தார். அதற்கு முன்பே வில்லையின் குவியத்தில் வைரத்தையும் எரித்துப் பார்த்துவிட்டார்கள். அடுப்புப் பக்கம் மட்டும் அது பெரிதாகத் தலைகாட்டவில்லை.

சரி, நம்ம மலைக்கு இந்தக் கண்ணாடி எந்த வழியாக வந்தது? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொட்லாந்துப் பையன் 1852இல் இலங்கைக்கு வந்தார். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை போட்டார் என்று நாமெல்லாம் பாடப் புத்தகத்தில் படித்தோம். அவர் வந்து அடுத்த வருசம், 1853இல், ஜோன் பிரான்சிஸ் கம்பல் என்ற இன்னொரு ஸ்கொட்லாந்துக்காரர் மரக்கிண்ணம் ஒன்றுக்குள் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை வைத்தார். வெயில் அடித்தால் உருண்டை ஒளியைக் குவித்து மரத்தைக் கருக்கும். மேகம் மறைத்தால் கருகாது. சூரியன் நகர நகர அந்தக் கோடும் நகரும். கம்பலின் பெயர் நாட்டார் கதைகளைத் தொகுத்தவர் என்றுதான் இன்று அதிகம் நிற்கிறது. கதை சேர்த்த மனிசன் வெயிலையும் சேர்த்தார் என்பது நாட்டார் வழக்காற்றியல் படிக்கிற எங்களுக்குக் கொஞ்சம் பெருமை.

1879இல் ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் மரத்தைத் தூக்கிவிட்டு உலோகக் கிண்ணமும் அட்டைக் கீலமும் வைத்தார். அட்டை கருகிய நீளத்தை அளந்தால் அன்றைக்கு எத்தனை மணித்தியாலம் வெயில் என்று தெரியும். இந்தக் கம்பல்-ஸ்டோக்ஸ் கருவி உலகம் முழுவதும் வானிலை நிலையங்களுக்குப் போனது.

தேயிலைக்கு வெயில் கணக்கு எதற்கு? 1946இல் இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் வந்தது. ஈரமும் பனிமூட்டமும் இருந்தால் அந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், வெயில் அடித்தால் அதன் வித்திகள் செத்துப்போகும். 1960களில் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் நாளாந்த வெயில் மணித்தியாலத்தை வைத்து நோயை முன்கூட்டியே கணிக்கும் முறையை உருவாக்கினார்கள். வெயில் குறைந்த நாட்கள் தொடர்ந்தால் மருந்து அடிக்க வேண்டும். நல்ல விஞ்ஞானம், அதில் எங்களுக்குக் குறை இல்லை. ஆனால் ஒன்றைப் பாருங்க: கொழுந்துக்கு எத்தனை மணி வெயில் கிடைத்தது என்று ஆராய்ந்த இதே மலையில், அந்தக் கொழுந்தை எடுத்தவளின் அடுப்புக்கு வெயில் உதவுமா என்ற கேள்வியே எழவில்லை.

எழுந்திருந்தாலும் ஒரு சிக்கல் இருந்திருக்கும். பனிமூட்டம் மட்டும் காரணம் என்று நாங்கள் நம்பவில்லை. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் நுவரெலியா, ஹட்டன் பக்கம் நாள் கணக்கில் சூரியனைக் காணாதது உண்மைதான். ஆனால் தை கடைசி தொடங்கி பங்குனி வரைக்கும் வானம் திறந்து கிடக்கிற நாட்கள் உண்டு. பெரிய தடை நேரம். இலங்கையில் வருசம் முழுக்க ஏறத்தாழ காலை ஆறுக்கு விடிந்து மாலை ஆறுக்கு இருட்டும். தோட்டத்தில் பெண்கள் விடியுமுன் எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளைகளை அனுப்பி, பெரட்டுக்கு ஓட வேண்டும். அந்தியில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து மறுபடி அடுப்பு. சமைக்கிற இரண்டு வேளையும் வெயில் இல்லாத வேளை. வெயில் இருக்கிற நேரம் முழுக்க அவள் மலையில். அது செக்ரோலில் விழுந்த நேரம்.

இந்த முட்டுக்கட்டை மலையகத்தில் மட்டும் இல்லை. 1878இல் பம்பாயில் வில்லியம் அடம்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி, கண்ணாடிகளை எட்டுப்பக்கமாக அடுக்கி ஒரு வெயில் அடுப்புச் செய்தார். ஜனவரி மாதத்திலும் ஏழு சிப்பாய்களின் ரேஷன் இரண்டு மணித்தியாலத்தில் வெந்ததாக எழுதினார். வெப்ப நாடுகளுக்கு விறகுக்குப் பதில் வெயில் என்று புத்தகமே போட்டார். சிப்பாய்க்குப் பகலில் சாப்பாடு, சமைத்துக் கொடுக்க ஆளும் உண்டு. 1950களில் புதுடில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் வீட்டுப் பாவனைக்கு வெயில் அடுப்புச் செய்தது. அது வீடுகளில் ஒட்டவில்லை. வெயிலில் வெளியே நின்று, கண்ணாடியைத் திருப்பித் திருப்பி, பகலில் சமைக்க யாருக்கு நேரம்?

ஒட்டிய இடம் ஒன்றைச் சொல்கிறோம். ஆரோவில்லில் சோலார் கிச்சன் என்ற பொதுச் சமையல்கூடத்தின் கூரையில் 15 மீற்றர் அகலமான கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. அது வெயிலைக் குவித்து நீராவி ஆக்குகிறது, ஆயிரம் பேர் அளவுக்கு மதியச் சாப்பாடு சமைக்க அந்த நீராவி உதவுகிறது. மதியச் சாப்பாடு என்பதைக் கவனியுங்க. வெயில் இல்லாத நாளுக்கு வேறு கொதிகலனும் வைத்திருக்கிறார்கள்.

தோட்டத்தில் மதியத்தில் பொதுவாகச் சமைக்கக்கூடிய இடம் எது? பிள்ளைக் காம்பரா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் பகலுணவு. வரட்சி மாசங்களில் மட்டுமாவது, ஒரு சதுர மீற்றர் கண்ணாடியோடு பருப்பும் தேத்தண்ணியும் அங்கே தொடங்கிப் பார்க்கலாம். ஒரு நிபந்தனையோடுதான் சொல்கிறோம். சூரியன் நகர்வதற்கு ஏற்ப அந்தக் கண்ணாடியை அடிக்கடி திருப்ப ஒரு ஆள் வேண்டும், அது அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும். கொழுந்து எடுக்கிறவளுக்குப் போடுவது போல அவளுக்கும் முழுப்பேர் போட வேண்டும். அரைப்பேர் கதையெல்லாம் சொல்லக் கூடாது.