நாயின் பயணமும் தீவின் காவலும்

சிங்கப்பூரின் வடகிழக்கே செங்காங் என்னும் நகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் சிற்றூர்களும் இருந்த இடம் அது. இன்றோ அடுக்குமாடி வீடுகள் நிறைந்திருக்கின்றன. 2003-ஆம் ஆண்டில் திறந்த ரயில் பாதை அதனைத் தேக்கா வட்டாரத்தோடு இணைத்தது.

அங்கே வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, வளர்ப்பு நாயையும் அழைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குப் போய்த் திரும்ப விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மனிதர்களுக்குப் பெட்டி கட்ட ஒரு நாள் போதும். நாய்க்கோ பல மாத ஆயத்தம் தேவை. இது ஏன்? வரலாற்றைப் பார்த்தால் விளங்கும்.

வெறிநாய்க்கடி நோய்க் கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. கடித்த இடத்திலிருந்து நரம்பின் வழியே அது மூளைக்கு ஏறும். அதற்குப் பல வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அதுவரை நாய் நலமாகவே தோன்றும். அறிகுறி கண்டபின் பிழைப்பது அரிதினும் அரிது.

1885-இல் பிரான்சில் லூயி பாஸ்டர் இதற்குத் தடுப்பூசி போட்டுக் காட்டினார். நம் நீலகிரியிலும் 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றியது. 1902-இல் நாய்க்கடிக்கு ஆளான ஓர் ஆங்கிலேயப் பெண் உரிய மருத்துவமின்றி மாண்டதே அதற்குத் தூண்டுகோல்.

பிரிட்டன் வேறொரு வழியையும் கண்டது. கப்பலில் வரும் நாய்களைத் தனியே அடைத்துவைத்து, ஊருக்குள் நோய் நுழையாமல் தடுத்தது. ஆயினும் முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் சிலர் நாய்களை ஒளித்துக் கொண்டுவந்தனர். 1918-இல் நோய் மீண்டும் தலைகாட்டியது. அதை ஒழிக்க 1922 வரை பாடுபட வேண்டியிருந்தது. சிலர் விதியை மீறியதால் நாடே பட்ட துன்பம் இது.

சிங்கப்பூரில் 1953-க்குப் பிறகு இந்நோய் இல்லை. ஆனால் அண்டை நாடான மலேசியாவில் 2015-இலும், சரவாக்கில் 2017-இலும் அது பரவியது. இந்தியாவில் இன்றும் இருக்கிறது. ஆகவே ஊர் போய்த் திரும்பும் நாயும் புதிதாக வரும் நாயைப் போலவே சோதிக்கப்படுகிறது.

ஆகையால் போகும் வழியை மட்டுமன்றி, திரும்பும் வழியையும் முதலிலேயே எண்ணவேண்டும். முதலில் நாயின் தோலுக்கடியில் அரிசி மணி அளவுள்ள அடையாளச் சில்லைப் பொருத்த வேண்டும். அடுத்தது தடுப்பூசி. எதிர்ப்புச் சக்தி உருவாகச் சில வாரங்கள் ஆகும். பின்னர் இரத்தப் பரிசோதனையில் அது மில்லிலிட்டருக்கு 0.5 அலகுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இந்தியாவில் இறங்க அந்நாட்டு விலங்குத் தடுப்புக்காவல் நிலையத்தின் ஒப்புதல் வேண்டும். திரும்பிவரச் சிங்கப்பூரின் இறக்குமதி உரிமமும், தனிமைக்கூடத்தில் முன்பதிவு செய்த இடமும் வேண்டும். விதிகள் மாறக்கூடும். அதனால் புறப்படுமுன் இரு நாட்டு அலுவலகங்களிலும் கேட்டறிவது நன்று.

நாய் நிமிர்ந்து நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இடமுள்ள கூண்டு ஒன்றை வாங்கி, வீட்டிலேயே சில வாரம் பழக்கிவிடுவது நலம். பழகிய கூண்டில் அது அஞ்சாது.

உலகில் இந்நோயால் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களுள் பலர் சிறுவர்கள். நாம் நிரப்பும் படிவங்கள் அத்தகைய சிறுவர்களுக்கும் காவல் என்பதை மறவாதிருப்போம்.